ரம்பப் பேன்ட்டின் இடது கால்

பிள்ளையார்பாளையம் கிணத்தடித் தெருவில் குமாரசாமிக்குத் தெரியாத நூல் என்று ஒன்று கிடையாது. இதை வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அவரே சொல்லுவார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் அங்கவஸ்திரத்தை ரெண்டு விரலால் நெருடிப் பார்த்து, "இதுல பாதி பட்டு, பாதி பொய்" என்று சாம்பார் வருவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்த மனுஷனுக்கு அப்புறம் பாயசம் இறங்குமா?

தெருச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். போட்டியில்லாமல் வந்தார் என்பார்கள். வேறு யாரும் வரவில்லை என்பதைத்தான் அப்படி மரியாதையாகச் சொல்லுவது.

அந்தத் தெருவுக்கு ஒரு தலைவலி உண்டென்றால் அது தெருக்கோடியில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம். தறி ஏறுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குக் கட்டி இழுத்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். பாவு நீட்டுவது என்று அதற்குப் பேர். விடியற்காலையில் ஆறேழு பேர் பாவுக்கு ரெண்டு பக்கமும் நின்று மெனக்கெடுவார்கள். மரமோ ஒரு பெரிய கிளையைத் தெருவுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு, பிசுபிசுவென்று காயை உதிர்க்கும். அதில் குடியிருக்கும் கொக்குகளோ, எலுமிச்சை மஞ்சள் பட்டாகப் பார்த்துத்தான் எச்சம் போடும். சங்கம் எழுதிப் போட்டு, நடையாய் நடந்து, கிளையை வெட்டிக்கொள்ள கார்ப்பரேஷன் கடைசியில் ஒரு கடுதாசி கொடுத்துவிட்டது.

வெட்டப் போகிறவன் வெளியாள் இல்லை. அதே தெருவில் நாலாவது வீட்டு சிவராஜ். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தறியை விட்டுவிட்டு மெஷின் ரம்பத்தைக் கையில் எடுத்தவன். லுங்கியைத் தூக்கிக் கட்டி, வெறுங்காலோடு மரத்தில் ஏறி, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரம்பத்தை ஓட்டுவான். ஐயம்பேட்டை வரைக்கும் அவனைக் கூப்பிட்டுப் போவார்கள். வேலை பார்க்க ஒரு கூட்டம், வேடிக்கை பார்க்க நாலு கூட்டம்.

போன தை மாசம் தாமல் ஏரிக்கரையில் புளியங்கிளை ஒன்றை அறுக்கும்போது ரம்பம் துள்ளி, தொடைக்கு மேலே லுங்கியை ஒரு சாண் கவ்விக்கொண்டு போய்விட்டது. தோலில் படவில்லை. சிவராஜ் இதை ஊரெல்லாம் சிரிப்புக் கதையாகச் சொன்னான். வீட்டில் சொன்னபோது மகள் கீர்த்தி சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. எந்த ஆள் ஹெல்மெட் போட்டிருக்கிறான், எவன் கண்ணாடி போடவில்லை என்று பார்த்து எழுதுகிற வேலை.

"ஆயிரத்து இருநூறு பேருக்கு நான் பாடம் எடுக்கறேன். எங்கப்பா லுங்கியோட மரம் ஏறுறாரு" என்றாள். ரெண்டு மாசத்தில் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது.

பெட்டியைப் பிரிக்கும்போது தெருவே திரண்டது. வலை போட்ட முகமூடியோடு ஒரு ஆரஞ்சு ஹெல்மெட், காதை மூடுவதற்கு ரெண்டு கிண்ணம், தடிமனான கையுறை, இடுப்பிலும் தொடையிலும் கட்டுகிற வார், இரும்பு மூக்கு வைத்த பூட்ஸு, அப்புறம் ஒரு பேன்ட்டு. மரத்துக்குக் கீழே கயிறு பிடிக்கிற ஜெபகுமாருக்கும் தனியாக ஒரு ஹெல்மெட்டு, காதுக் கிண்ணம்.

"டேய் சிவராஜு, கிளையதானடா வெட்டச் சொன்னோம்? நிலாவுக்குப் போறியா?" என்று ஆரம்பித்து வைத்தவர் குமாரசாமிதான்.

"நான் இன்னாண்ணே பண்றது? உங்க பொண்ணு வாங்கியாந்தா நீங்க வேணாம்னு சொல்லுவீங்களா?"

"எங்க பாட்டன் காலத்துல பனைமரம் ஏறினவன் தலையில இன்னா போட்டுக்கினு ஏறினான்? எண்ணெய்!"

தெரு சிரித்தது. சிவராஜும் சேர்ந்து சிரித்தான், கொஞ்சம் அசட்டுத்தனமாக. அவன் சம்சாரம் இந்திராணி மட்டும், "எண்ணெய் தேச்சவங்கள்ல எத்தினி பேரு எறங்கி வந்தாங்கன்னு யாரு எண்ணி வெச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பேன்ட்டு நீளமாக இருந்தது. வெளிநாட்டுக்காரன் காலுக்கு அளவெடுத்தது போலிருக்கிறது. சிவராஜ் போட்டால் ஒரு முழம் தரையைப் பெருக்கியது. அடியை மடித்துத் தைக்க, தையல் மெஷின் வைத்திருக்கும் புவனேஸ்வரியிடம் கொடுத்தாள் இந்திராணி. அந்தப் புவனேஸ்வரி யார்? குமாரசாமியின் மனைவி. விதி அந்த வீட்டுக்கு வேறு எந்த வழியாகத்தான் வரும்?

புவனேஸ்வரி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, குமாரசாமி பேன்ட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். கை சும்மா இருக்கவில்லை, நெருடியது. முன்பக்கம் தொடையிலிருந்து கணுக்கால் வரை உள்ளே ஏதோ தடிப்பு. பஞ்சு இல்லை. ஸ்பாஞ்ச் இல்லை. நூல்! ஆனால் எந்த நூல்? பட்டா, பருத்தியா, நைலானா? ரெண்டு விரலும் ஒரு பதிலும் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக ஒரு துணி அவரிடம் பேச மறுத்தது.

இதைத் தாங்க முடியுமா? பிளேடை எடுத்து இடது காலின் உள்தையலை ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று மெல்லிய இழைகள், எட்டு அடுக்கு. நெய்யாமல், பின்னாமல், தளர்வாக, ஒன்றின் மேல் ஒன்று கன்னாபின்னாவென்று கிடந்தன. அவருக்கு வயிறு எரிந்தது. 'இவ்வளவு நல்ல நூலை இப்படிச் சிக்கலா போட்டு வெச்சிருக்கானே, தறிகெட்டவன்!' ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. சிக்கைக் கண்ட நெசவாளி கையை யார் நிறுத்துவது? ராட்டையைக் கொண்டு வந்து வைத்து, இடது காலை முழுசாக உருவி, சீராகச் சுற்றி முடித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது: இதைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது.

ராட்டையிலிருந்த நூலைத் தகரப் பெட்டிக்குள் தள்ளினார். பிரித்த தையலைக் கையாலேயே, பழைய ஊசித் துளை ஒன்றுகூட மாறாமல் தைத்து மூடினார். அது ஒரு தையல்! பிரித்தது எங்கே என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது. செய்தது தப்பு என்ற எண்ணம் வருவதற்கு முன்னால், இதை யாரிடமும் காட்ட முடியாதே என்ற வருத்தம்தான் வந்தது.

புவனேஸ்வரி வந்து அடியை மடித்துத் தைத்தாள். "இன்னாங்க, ஒரு காலு கனமா இருக்குது, ஒரு காலு லேசா இருக்குது?"

"வெளிநாட்டுக்காரன் அப்படித்தான் தெப்பான். உனுக்குத் தெரியாது."

சனிக்கிழமை சாயங்காலம் கீர்த்தியே பேன்ட்டை வாங்க வந்தாள். வந்தவள் சும்மா வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவளுக்கும் வாய் சும்மா இருக்காது, வேலை அப்படி.

"பெரீப்பா, நீங்க நூல்ல கரை கண்டவரு, உங்களுக்கு இது புடிக்கும். முன்பக்கம் தடிப்பா இருக்குதில்ல? உள்ள இழையை வேணும்னே தளர்வா அடுக்கியிருக்காங்க. ரம்பம் கால்ல பட்டா மேல்துணி கிழியும். உடனே அந்த இழையெல்லாம் பிச்சுக்கினு வந்து ரம்பத்துச் சங்கிலியில சுத்திக்கும். மெஷின் சிக்கி நின்னுடும், தோல்ல படறதுக்கு முன்னாடியே. சிக்கலா இருக்கறதுதான் அதோட வேலையே."

குமாரசாமியின் கண் தகரப் பெட்டிக்குப் போனது. வாழ்நாள் முழுக்கச் சிக்கெடுத்த கை, ஒரு ஆம்பிளையின் தொடையைக் காப்பாற்ற வேண்டிய சிக்கையும் எடுத்து ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். "அம்மா கீர்த்தி, தெரியாம உருவிட்டேம்மா" என்று ஆறு வார்த்தைகூட ஆகாது. ஆனால் அவர் தலைவர். அவள் இருபத்து நாலு வயசுப் பெண், இவர் கண்ணெதிரே மூக்கொழுகிக்கொண்டு நின்ற பெண். அதோடு நூலில் கரை கண்டவர் என்று வேறு சொல்லிவிட்டாள். "நல்ல ஏற்பாடும்மா" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கே மரத்தடியில் கூட்டம். கீர்த்தி சிவப்பு நாடாவை மரத்தைச் சுற்றி அகலமாக வட்டம் கட்டியிருந்தாள்.

"இந்த நாடாவைத் தாண்டி யாரும் வரக்கூடாது. யாரு உள்ள காலை வெச்சாலும் அப்பா மெஷினை நிறுத்திடுவாரு. அதான் ரூல்" என்றாள்.

சிவராஜ் முழுசாக மாட்டிக்கொண்டு வந்தபோது, தெருவுக்கு வாய் கொள்ளவில்லை. "சாமி ஊர்வலம் வருதுடா, வழி வுடு!" என்றார்கள்.  குமாரசாமியின் கண் மட்டும் அந்த இடது தொடையிலேயே இருந்தது. வேலையை எப்படியாவது நிறுத்த வேண்டும், ஆனால் காரணம் மட்டும் அந்தக் காரணமாக இருக்கக்கூடாது. நேற்று ராத்திரியிலிருந்து அதற்குத்தான் மனுஷன் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.

"நேரம் நல்லாருக்குதா பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கெழம ராகு காலம் சாயங்காலம் நாலரைக்கு, எமகண்டம் பன்னெண்டு மணிக்குண்ணே" என்றாள் இந்திராணி. "காலையில இன்னா?" காலை நேரத்தில் ஒரு கெட்ட வேளைகூட வைக்காமல் பஞ்சாங்கம் அவரைக் கைவிட்டது.

"கிளையில கூடு இருக்குதே. குஞ்சு இருந்தா பாவம்."

"நேத்தே பாத்துட்டேன் பெரீப்பா. பழைய கூடு, காலியா இருக்குது."

"கரண்டு கம்பி?"

"ஆஃப் பண்ணியாச்சு. காலையிலேர்ந்து உங்க வூட்ல ஃபேன் ஓடல, பாக்கலியா?"

பார்க்கவில்லை. அவருக்குத்தான் வேறு காரணத்தால் வேர்த்துக்கொண்டிருந்தது. சிவராஜிடமே போனார். "சிவராஜு, அடி மடிப்பு ஒரு பக்கம் கோணலா இருக்குதுடா. கழட்டிக் குடு, ஒரு வாரத்துல சரி பண்ணித் தரேன்."

சிவராஜ் சிரித்தான். "மரத்து மேல என்னைப் பொண்ணு பாக்கவாண்ணே வராங்க?"

"வெயிலு கொளுத்துதே, பழைய மாதிரி லுங்கியே கட்டிக்கயேன்."

"நானும் மொதல்ல அப்படித்தாண்ணே நெனச்சேன். ஆனா போட்டுப் பாத்தப்புறம் இதுவும் ஒரு தைரியமாத்தான் இருக்குது. லுங்கியில இருந்தப்போ ரம்பத்தைத் தள்ளியே புடிப்பேன், பயம். இனிமே கால்ல அண்டக் குடுத்தே அறுக்கலாம்." சொல்லிவிட்டு இடது தொடையைத் தட்டிக் காட்டினான்.

 லுங்கிக்காரனுக்குப் பயமாவது இருந்தது. குமாரசாமி அவனுக்குக் காலிப் பேன்ட்டையும் கொடுத்து, அந்தப் பயத்தையும் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் முப்பது பேர். சொன்னால் சாகும்வரை பேன்ட்டு குமாரசாமி. சொல்லாவிட்டால்? ஒரு தடவை தப்பாமல் அறுத்து இறங்கிவிட்டால் போதும், அப்புறம் எலி கடித்தது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மனுஷ மனசு இருக்கிறதே, அடுத்தவன் காலை வைத்து எவ்வளவு தைரியமாகக் கணக்குப் போடும்!

சிவராஜ் ஏறினான். வாரை மரத்தில் மாட்டினான். கிளையின் கவட்டையில் இடது காலை முட்டுக் கொடுத்து உட்கார்ந்து, காதுக் கிண்ணத்தை இறக்கிக்கொண்டான். கீழே ஜெபகுமாரும் இறக்கிக்கொண்டான். ரம்பம் அலறியது. மரத்தூள் பொரிமாவு போலக் கொட்டியது.

கிளை தடிமனானது. பாதி அறுத்ததும் ரம்பம் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு உதறியது. சிவராஜ் பிடுங்கி, கோணத்தை மாற்றி, இன்னும் நெருக்கமாக உட்கார்ந்தான். இப்போது ரம்பத்துக்கும் இடது தொடைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. ரம்பம் மறுபடியும் துள்ளியது.

"டேய் சிவராஜு! நிறுத்துடா!" என்று கத்தினார் குமாரசாமி. ரம்பச் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை. ஜெபகுமாரைப் பார்த்துக் கத்தினார். அவன் மேலேயே கண்ணாக நின்றான். கத்துவது யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு வகையில் வசதியாகப் போய்விட்டது. நேற்றிலிருந்து தொண்டையில் நின்றதெல்லாம் வெளியே வந்தது. நூலு, ராட்டை, பிளேடு, தகரப் பெட்டி எல்லாவற்றையும் கத்தினார். பக்கத்தில் நின்றவர்கள், தலைவர் ஏதோ உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துத் தாங்களும் கை தட்டினார்கள்.

ரம்பம் மூன்றாவது தடவை துள்ளியபோது அவர் கால் தானாக நகர்ந்தது. இதை மட்டும் அவர் கணக்கில் நல்லதாக எழுதத்தான் வேண்டும். நாடாவைத் தூக்கிக்கொண்டு, கத்தியபடியே, நேராகக் கிளைக்கு அடியில் போய் நின்றார். தலையில் ஹெல்மெட்டும் இல்லை, எண்ணெயும் இல்லை.

மேலேயிருந்து சிவராஜ் பார்த்தான். ரூல் ரூல்தான். பட்டென்று மெஷினை நிறுத்தினான். அந்த நொடியில் தெரு மொத்தமும் நிசப்தம். அந்த நிசப்தத்தில் குமாரசாமியின் குரல் மட்டும் பிள்ளையார்பாளையம் முழுக்கக் கணீரென்று ஒலித்தது:

"இடது கால்ல நூலே இல்லடா! நான்தான் உருவிட்டேன்! எட்டு அடுக்கையும் நான்தான் உருவிட்டேன்!"

மெஷின் அதிர்வில் தளர்ந்திருந்த ஒரு காய்ந்த கொம்பு அதுவரைக்கும் காத்திருந்தது போல முறிந்து, அவர் உச்சந்தலையில் விழுந்தது. மணிக்கட்டுப் பருமன்தான். அதற்கே மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் ரத்தம் வழிந்தது.

தூக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள். சிவராஜ் இறங்கி வந்து, மறைவாகப் போய் பேன்ட்டைக் கழற்றி லுங்கி கட்டிக்கொண்டு வந்தான். பேன்ட்டை உள்பக்கமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"எங்கண்ணே பிரிச்ச? ஒண்ணுமே தெரியலியே."

தலையில் துண்டை அழுத்திப் பிடித்திருந்த குமாரசாமி சுண்டு விரலை நீட்டினார். "இதோ, இங்கேர்ந்து இது வரைக்கும். பழைய தொளையிலயே தெச்சேன். தெரியாது." அந்த நேரத்திலும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதை இந்திராணி பார்த்துவிட்டாள்.

"ஆமாண்ணே, ரொம்ப அழகு" என்றாள். "எங்க ஊட்டுக்காரரு கால் போயிருந்தா, அதையும் இதே மாதிரி தெச்சிக் குடுத்துருப்பியா?"

 கீர்த்தி புவனேஸ்வரியிடம் கத்திரிக்கோல் கேட்டாள். இடது தொடையில் வைத்து வெட்டினாள். வாழையிலையை வெட்டுவது போலச் சர்ரென்று ஒரே இழுப்பில் போனது. வலது தொடையில் வைத்து வெட்டினாள். ரெண்டு விரற்கடை போவதற்குள் உள்ளேயிருந்து வெள்ளை இழை குபுகுபுவென்று பொங்கி வந்து கத்திரியைக் கவ்விக்கொண்டது. சிவராஜும் ஜெபகுமாரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கத்திரிக்கோல் வரவில்லை. அதை அப்படியே குமாரசாமியின் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள் அந்தப் பெண்.

நிலாவுக்குப் போகிறவன் என்று சொல்லிச் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அந்தக் கத்திரிக்கோலை இழுத்துப் பார்த்தார்கள். அதற்குமேல் அந்தத் தெருவில் ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

வேறு பேன்ட்டு வருகிற வரைக்கும் ரம்பத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டான் சிவராஜ். அதுக்கு மூணு வாரம் ஆகுமாம். பாதி அறுத்த கிளையை நாலு கயிறு போட்டு மரத்தோடு இழுத்துக் கட்டினார்கள். அதுக்குக் கீழே யாரும் போகக்கூடாது என்று தெருவின் குறுக்கே நாடா கட்டினாள் கீர்த்தி. ஆக, பாவு நீட்டத் தெரு இல்லை. ஆவணி முகூர்த்தப் புடவைகளுக்கு ஏழு வீட்டுப் பாவு காத்துக்கிடக்கிறது. ஏழு வீட்டுக்காரர்களும் தலைவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்து மண்டபத் தெருவில் போய் இடம் கேட்டு வரச் சொன்னார்கள். கேட்க வேண்டியவர் யார் என்பதில் மட்டும் அந்தத் தெருவில் அன்றைக்கு ஒரு அபிப்பிராய பேதம் இல்லை.

தலையில் நாலு தையலும் கட்டுமாக, திங்கட்கிழமை காலை குமாரசாமி மண்டபத் தெருவுக்குப் போனார். அங்கே சங்கம் காசிநாதன் கையில். இருபது வருஷமாக இவர், புடவை உடலையும் கரையையும் சேர்க்கிற அவனுடைய கோர்வையைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தவர். காசிநாதன் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, எதுவுமே தெரியாதவன் போல, "இன்னாண்ணே ஆச்சு?" என்று கேட்டான். ஆதியிலிருந்து சொல்ல வைத்தான். நடுவில், "எத்தினி அடுக்குன்னு சொன்ன?" என்று ஒரு தடவை நிறுத்தித் திரும்பவும் கேட்டான்.

"எட்டு."

"த்சொ த்சொ. சரிண்ணே, அதுக்கு இன்னா இப்போ? மூணு வாரம்தானே, எங்க தெருவுல தாராளமா நீட்டிக்கங்க. நெசவாளிக்கு நெசவாளி இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

குமாரசாமிக்குக் கண் கலங்கியது. நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"இருங்கண்ணே, ஒரு நிமிசம்" என்று எழுந்தான் காசிநாதன். "கொடியில என் பேன்ட்டு காயுது. அதை மட்டும் உள்ள எடுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."

நிஜமாகவே எடுத்துக்கொண்டு போனான்.